நிலை ஆற்றல் மாங்காய்க்குள் இல்லை

மழைக்காலத்தில் ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் தினசரிப் பத்திரிகையைப் பிரித்தால் மாவட்டச் செய்திகளுக்கு நடுவே ஒரு சின்னச் செய்தி தவறாமல் இருக்கும். கெலவரப்பள்ளி அணையின் மொத்த உயரம் 44.28 அடி. கிருஷ்ணகிரி அணையின் மொத்த உயரம் 52 அடி. இன்றைய நீர்மட்டம் இவ்வளவு, வரத்து இவ்வளவு, திறப்பு இவ்வளவு. எல்லோரும் படிப்பதுதான், படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புவதுதான்.

இரண்டு அணைகளும் ஒரே தென்பெண்ணை ஆற்றில் இருக்கின்றன. கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் கிளம்பும் ஆறு முதலில் ஓசூர் அருகே கெலவரப்பள்ளியில் தேங்குகிறது. அங்கிருந்து திறந்துவிட்டால் கிருஷ்ணகிரி அணைக்குப் போகிறது. இப்போது ஒரு கேள்வி. இரண்டு அணைகளும் நிரம்பியிருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 44 அடி, மற்றதில் 52 அடி. தண்ணீர் உயரத்திலிருந்து பள்ளத்துக்குத்தானே ஓடும்? பிறகு எப்படி 44 அடியிலிருந்து 52 அடிக்கு ஓடுகிறது?

சிரிக்காதீர்கள். இந்தக் கேள்விக்குள்தான் பள்ளிக்கூடத்து இயற்பியலின் ஒரு பெரிய கோளாறு ஒளிந்திருக்கிறது.

சானமாவைப் பலருக்கு யானைகளால்தான் தெரியும். குளிர்காலம் வந்தால் சானமாவு காட்டுக்கு யானைக் கூட்டம் வந்துவிட்டது என்று செய்தி வரும். ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகிற சாலையில் இருக்கும் அந்த ஊரிலிருந்து பள்ளிக்குப் போகும் ஒரு பத்தாம் வகுப்பு மாணவனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அவனிடம் இந்த 44, 52 கேள்வியைக் கேட்டால் யோசிக்கக்கூட மாட்டான். "ஓசூர் மேட்டுல இருக்கு, கிருஷ்ணகிரி பள்ளத்துல இருக்கு, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். சரியான பதில். ஓசூர் மேட்டுநிலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். கிருஷ்ணகிரி ஏறக்குறைய 500 மீட்டர். பழைய சேலம் மாவட்டத்தில் ஓசூர்ப் பகுதிக்கு பாலாகாட் என்றே பெயர், அதாவது கணவாய்க்கு மேலே உள்ள நாடு. கீழே கிருஷ்ணகிரி, தருமபுரி எல்லாம் பாராமகால். ஒவ்வோர் அணையிலும் அடிக்கணக்கை அந்தந்த அணையின் அடித்தளத்திலிருந்து அளக்கிறார்கள். ஆகவே 44-ஐயும் 52-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை.

அதே மாணவனிடம் அடுத்த கேள்வி. "நிலை ஆற்றல் என்றால் என்ன?"

இப்போது நிமிர்ந்து நின்றுகொள்வான். "ஒரு பொருள் தன் நிலையினாலோ வடிவத்தினாலோ பெற்றிருக்கும் ஆற்றல் நிலை ஆற்றல். சூத்திரம் எம்ஜிஹெச்." பரீட்சையில் எழுதினால் முழு மதிப்பெண்.

"சரி, அந்த ஹெச்சை எங்கிருந்து அளக்கணும்?"

"தரையிலிருந்து."

"எந்தத் தரை?"

அமைதி.

இரண்டு நிமிடத்துக்கு முன்னால் அவனே சொன்ன பதில்தான் இதற்கும் பதில். ஆனால் இரண்டும் ஒன்றுதான் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. ஊரில் தெரிந்தது ஊரில் இருக்கிறது, புத்தகத்தில் படித்தது புத்தகத்தில் இருக்கிறது. குற்றம் மாணவனுடையது அல்ல. நிலை ஆற்றலைப் பள்ளியில் பாதிதான் சொல்லித்தருகிறார்கள். விட்டுவிடுகிற பாதிதான் முக்கியமான பாதி.

மாங்காய் என்ன வைத்திருக்கிறது?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உதாரணத்துக்குப் பஞ்சமில்லை. மாந்தோப்புக்குப் போனால் போதும். தரையிலிருந்து 4 மீட்டர் உயரக் கிளையில் கால் கிலோ மாங்காய் ஒன்று தொங்குகிறது. 0.25-ஐ 9.8-ஆல் பெருக்கி 4-ஆல் பெருக்கினால் 9.8 ஜூல். புத்தகம் என்ன சொல்கிறது? மாங்காய் 9.8 ஜூல் ஆற்றலைப் "பெற்றிருக்கிறது".

அந்தக் கிளைக்கு நேர் கீழே 10 மீட்டர் ஆழத்தில் ஒரு பாழுங்கிணறு இருந்தால்? இப்போது மாங்காய் 14 மீட்டர் விழப்போகிறது. 34.3 ஜூல். அதே மாங்காய், அதே கிளை, அதே காம்பு. கீழே பள்ளம் வெட்டியதற்கு மேலே தொங்கும் மாங்காயின் ஆற்றல் எப்படி மூன்றரை மடங்காக ஏறியது? மாங்காயைப் பறித்து எடை போட்டாலும் அறுத்துப் பார்த்தாலும் ஒரு வித்தியாசமும் கிடைக்காது. மாங்காய்க்குக் கிணறு வெட்டியதே தெரியாது!

இன்னொன்று. அந்த மாங்காயை நிலவுக்குக் கொண்டுபோய் அங்கே 4 மீட்டர் உயரத்தில் வைத்தால் ஆற்றல் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்காகிவிடும். மாங்காயில் எதுவும் குறையவில்லை. எதிரில் இருக்கும் ஆள் மாறிவிட்டார், பூமிக்குப் பதிலாக நிலவு.

அப்படியானால் அந்த ஆற்றல் மாங்காய்க்குள் இல்லை. மாங்காய்க்கும் பூமிக்கும் இடையே இருக்கிறது. இரண்டும் சேர்ந்த அமைப்புக்குச் சொந்தமான ஆற்றல் அது. இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன. அந்த இழுப்பை எதிர்த்து யாரோ (அல்லது சூரிய வெளிச்சத்தில் வளர்ந்த மரம்) அவற்றைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பிரித்து வைக்கச் செய்த வேலைதான் நிலை ஆற்றல் என்ற பெயரில் கணக்கில் நிற்கிறது. உண்டிவில்லின் ரப்பரிலும் இதே கதைதான். ரப்பரின் துகள்கள் ஒன்றுக்கொன்று எப்படி அமைந்திருக்கின்றன என்பதை மாற்றி இழுத்துப் பிடித்திருக்கிறோம் என்பதுதான் அங்கே "வடிவம்" என்ற சொல்லுக்கு அர்த்தம். "நிலை", "வடிவம்" என்று இரண்டு தனித்தனி விஷயங்களாக மனப்பாடம் செய்யவைப்பது ஒன்றே ஒன்றைத்தான்.

"ஒரு பொருள் பெற்றிருக்கும்" என்ற மூன்று சொல்லில் இவ்வளவும் காணாமல் போய்விடுகிறது. பெற்றிருப்பதற்கு அது என்ன ரேஷன் கார்டா?

நிலை என்றால் நிற்பதா?

அடுத்த குழப்பம் சொல்லிலிருந்து வருகிறது. தமிழில் "நிலை" என்றால் நின்றுகொண்டிருப்பதும் உண்டு. தேர் நிலைக்கு வந்தது என்றால் ஓட்டம் முடிந்து நின்றுவிட்டது என்று பொருள். நிலையான வேலை என்றால் மாறாத வேலை. ஆகவே பிள்ளைகள் தாங்களாகவே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். ஓடினால் இயக்க ஆற்றல், நின்றால் நிலை ஆற்றல். இரண்டும் எதிரெதிர், ஒரே நேரத்தில் இரண்டும் இருக்காது.

இது முழுத் தப்பு. மேட்டில் ஓடிக்கொண்டிருக்கும் லாரிக்கு வேகத்தின் கணக்கிலும் ஆற்றல் உண்டு, உயரத்தின் கணக்கிலும் உண்டு. பள்ளத்தில் நிறுத்தி வைத்த லாரி அசையாமல் நிற்கிறது என்பதற்காக அதற்கு நிலை ஆற்றல் கூடிவிடாது. நிற்பதும் ஓடுவதும் இங்கே பேச்சே இல்லை. எங்கே இருக்கிறது, எதிலிருந்து எவ்வளவு விலகி இருக்கிறது என்பதுதான் பேச்சு.

உடனே "பார்த்தீர்களா, இதனால்தான் இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கணும்" என்று ஒரு கூட்டம் கிளம்பும். அவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆங்கிலப் பெயர் மட்டும் என்ன யோக்கியமா? "பொட்டன்ஷியல் எனர்ஜி" என்ற பெயரை வைத்தவர் ஸ்காட்லாந்துப் பொறியாளர் வில்லியம் ராங்கின், 1853-இல். அப்போது அவர் இயக்க ஆற்றலை "ஆக்சுவல்", அதாவது மெய்யான ஆற்றல் என்று அழைத்தார். அதற்கு எதிராகத்தான் இதை "பொட்டன்ஷியல்", அதாவது இனிமேல் வரக்கூடியது என்று சொன்னார். "ஆக்சுவல்" என்ற சொல் பிறகு வழக்கொழிந்து "கைனெடிக்" வந்துவிட்டது. "பொட்டன்ஷியல்" மட்டும் ஒட்டிக்கொண்டது. அதனால் ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளைகள் இது நிஜமான ஆற்றலே இல்லை, ஆற்றல் ஆகப்போகிற ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொள்கிறார்கள். தமிழில் படிப்பவருக்கு ஒரு குழி, ஆங்கிலத்தில் படிப்பவருக்கு வேறொரு குழி. இரண்டிலிருந்தும் தூக்கிவிட வேண்டியவர் வகுப்பில் நிற்கும் ஆசிரியர். சொல் எதுவானாலும் விளக்கினால் விளங்கும், விளக்காவிட்டால் எந்த மொழியிலும் விளங்காது.

வியாபாரிக்குத் தெரிந்தது

வேடிக்கை என்னவென்றால், கடையில் கணக்கு எழுதும் ஒருவருக்கு இதைப் புரியவைப்பது மிகவும் சுலபம்.

ராமன் சோமனுக்கு 500 ரூபாய் தரவேண்டும். அந்த 500 ரூபாய் பாக்கி எங்கே இருக்கிறது? ராமன் சட்டைப்பையிலா, சோமன் சட்டைப்பையிலா? இரண்டிலும் இல்லை. இருவருக்கும் இடையே இருக்கிறது. ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு பாக்கி என்று பேசவே முடியாது. ஆனால் பாக்கி பொய் இல்லை. வசூலாகும் நாளில் நிஜப் பணமாக வந்து நிற்கும். நிலை ஆற்றலும் இப்படித்தான், பூமி இல்லாமல் மாங்காயின் கணக்கை எழுத முடியாது.

பூஜ்ஜியம் விஷயமும் அப்படியே. ஹெச்சை எங்கிருந்து அளப்பது என்பது கணக்கு எழுதுபவர் இஷ்டம். தரையைப் பூஜ்ஜியமாக வைக்கலாம், கடல் மட்டத்தை வைக்கலாம், மொட்டை மாடியை வைக்கலாம். மொட்டை மாடியைப் பூஜ்ஜியமாக வைத்தால் தரையில் கிடக்கும் கல்லுக்கு மைனஸ் வரும். வரட்டுமே! பாஸ்புக்கில் மைனஸ் வருவதில்லையா? மைனஸ் ஆற்றல் என்றவுடன் பிள்ளைகள் பயந்துபோவதற்குக் காரணம், பூஜ்ஜியம் என்பது ஒரு ஏற்பாடு என்று யாரும் சொல்லாததுதான். எங்கே பூஜ்ஜியம் வைத்தாலும் ஓர் இடத்துக்கும் இன்னோர் இடத்துக்கும் உள்ள வித்தியாசம் மாறாது. இயற்கை பார்ப்பது வித்தியாசத்தை மட்டும்தான். தென்பெண்ணை ஆறு 44, 52 என்ற எண்களைப் படிப்பதில்லை. இரண்டு நீர்மட்டங்களுக்கும் நடுவில் இருக்கும் 300 மீட்டருக்கும் மேற்பட்ட இறக்கம்தான் அதை ஓடவைக்கிறது.

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. காவிரித் தண்ணீர் ஓசூருக்கு எப்படி வருகிறது என்று பாருங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டது. 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட அந்தத் திட்டத்தில் ஓசூரும் அடக்கம். ஒகேனக்கல் ஆற்றுக்கும் ஓசூர் மேட்டுக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 600 மீட்டர். தென்பெண்ணை ஓசூரிலிருந்து சும்மா இறங்கிப்போகிறது, காவிரியை மோட்டார் வைத்து ஓசூருக்கு ஏற்ற வேண்டியிருக்கிறது.

எவ்வளவு செலவு? எம்ஜிஹெச்சை இப்போது போடலாம். 1000 லிட்டர் தண்ணீர் 1000 கிலோ. 1000-ஐ 9.8-ஆல் பெருக்கி 600-ஆல் பெருக்கினால் 58 லட்சத்து 80 ஆயிரம் ஜூல். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 36 லட்சம் ஜூல். ஆக 1000 லிட்டருக்குக் குறைந்தபட்சம் 1.6 யூனிட். மோட்டாரின் நஷ்டம், குழாயின் உராய்வு எல்லாம் தனி. இந்த 1.6 யூனிட்டுக்குக் கீழே எந்த மோட்டார் கம்பெனியாலும், எந்த என்ஜினியராலும், எந்த அரசாங்கத்தாலும் இறங்க முடியாது. இது இயற்கை போட்ட அடிமட்ட விலை.

இந்த ஒரு கணக்கைப் பத்தாம் வகுப்பில் போட்டுக் காட்டினால் குழாயைத் திறந்துவிட்டுப் போகும் பழக்கத்துக்கு வேறு அறிவுரையே தேவைப்படாது. ஆனால் புத்தகக் கணக்கில் என்ன வரும்? "5 கிலோ நிறையுள்ள பொருள் 10 மீட்டர் உயரத்தில் உள்ளது..." என்ன பொருள்? யார் தூக்கி வைத்தது? எதற்கு? ஒன்றும் தெரியாது.

கோயம்புத்தூர் மாவட்டத்தில் காடம்பாறை நீரேற்று மின்நிலையம் இருக்கிறது. 100 மெகாவாட் இயந்திரங்கள் நான்கு. மின்சாரத் தேவை குறைந்த நேரத்தில் கீழே உள்ள நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீரை மேலே ஏற்றுவார்கள். தேவை அதிகமான நேரத்தில் அதே தண்ணீரைக் கீழே விட்டு மின்சாரம் எடுப்பார்கள். ஏற்றச் செலவழித்த யூனிட்டைவிட எடுக்கும் யூனிட் குறைவாகத்தான் இருக்கும். பிறகு ஏன் செய்கிறார்கள்? மலிவான நேரத்தில் வாங்கி, தட்டுப்பாடான நேரத்தில் கொடுக்கிறார்கள். கிடங்கு வைத்திருக்கும் எந்த வியாபாரிக்கும் இது புரியும். உயரம்தான் அங்கே கிடங்கு. காற்றாலையும் சூரிய மின்சாரமும் பெருகிவிட்ட இந்தக் காலத்தில், வெயில் நேரத்து மின்சாரத்தை இரவுக்குச் சேர்த்து வைக்க இந்த மாதிரிக் கிடங்குகள் இன்னும் நிறைய வேண்டியிருக்கும். "வரக்கூடிய ஆற்றல்", "நிற்கும் ஆற்றல்" என்று குழம்பியவர்களால் இதை எப்படிப் புரிந்துகொள்ள முடியும்?

மேலுமலை இறக்கம்

சரி, புரியாவிட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்கலாம். இரண்டு மார்க் போனால் போகட்டும் என்று விடக்கூடிய விஷயம் இல்லை இது.

ஓசூர் - கிருஷ்ணகிரி தேசிய நெடுஞ்சாலை 44-இல் சூளகிரியை அடுத்து மேலுமலை இறக்கம் வருகிறது. அதே சாலையில் இன்னும் தெற்கே போனால் தருமபுரி தாண்டி தொப்பூர் கணவாய். இரண்டுமே விபத்துக்குப் பேர்போனவை. தொப்பூரில் 2020 டிசம்பரில் ஒரு லாரி கட்டுப்பாட்டை இழந்து முன்னால் நின்ற வாகனங்கள் மேல் வரிசையாக மோதியதில் 4 பேர் இறந்தார்கள். அந்த ஒரு விபத்துக்கு என்ன காரணமோ, அது வேறு. ஆனால் இறக்கத்தில் கியரை நியூட்ரலில் போட்டு, சில பேர் என்ஜினையே அணைத்துவிட்டு, டீசல் மிச்சம் பிடிக்கும் பழக்கம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். "நியூட்ரலில் இறங்காதீர்கள்" என்று போலீஸ் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. போர்டு வைத்து என்ன பயன்? ஏன் கூடாது என்று சொல்ல வேண்டிய இடம் வகுப்பறை.

சொல்லிப் பார்க்கலாம். சரக்கோடு 25 டன் லாரி. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு 400 மீட்டர் ஏறுகிறது. எம்ஜிஹெச் 9 கோடியே 80 லட்சம் ஜூல். ஒரு லிட்டர் டீசலை எரித்தால் சுமார் 3 கோடியே 60 லட்சம் ஜூல் வெப்பம். அதில் 40 சதவீதத்தை என்ஜின் வேலையாக மாற்றுகிறது என்று வைத்தாலும், உயரம் ஏறுவதற்கு மட்டும் கிட்டத்தட்ட 7 லிட்டர். சமதரையில் ஓடும் செலவு தனி. ஓசூர் போகும்போது டீசல் அதிகம் பிடிக்கும், திரும்பும்போது குறையும் என்று ஒவ்வொரு லாரி டிரைவருக்கும் தெரியும். அவர்கள் பேசுவது நிலை ஆற்றல்தான். பள்ளிக்கூடம்தான் அவர்களிடம் அதைச் சொல்லவில்லை.

இப்போது இறங்குகிறது. செங்குத்தாக 100 மீட்டர் இறங்கினாலே 2 கோடியே 45 லட்சம் ஜூல் வெளியே வந்தாக வேண்டும். கணக்கு தீர்ந்தே ஆகவேண்டும், தள்ளுபடி கிடையாது. சாய்வு மெதுவாக இருந்தால் காற்றின் எதிர்ப்பும் டயரின் உராய்வும் தின்றுவிடும். சாய்வு அதிகமானால் மிச்சம் வேகமாகும், இல்லாவிட்டால் பிரேக்கில் சூடாகும். உராய்வே இல்லை என்று வைத்தால் 100 மீட்டர் இறக்கத்தில் வேகம் மணிக்கு 159 கிலோமீட்டர் வரும். லாரி 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 35 லட்சம் ஜூல்தான். அதாவது 60-இல் போகும் லாரியை ஏழு முறை பிரேக் போட்டு முழுதாக நிறுத்தினால் எவ்வளவு ஆற்றலோ, அவ்வளவு அந்த 100 மீட்டர் இறக்கத்தில் வந்து சேர்கிறது.

கியரில் இறங்கினால் அந்த ஆற்றலில் ஒரு பங்கை என்ஜின் வாங்கிக்கொள்ளும். எக்ஸாஸ்ட் பிரேக் இருந்தால் இன்னும் அதிகம். நியூட்ரலில் போட்டால் அந்தக் கதவை அடைத்தாயிற்று. சாலையும் காற்றும் தின்றது போக மீதி எல்லாம் பிரேக் டிரம்மின் தலையில். டிரம் ஓரளவுக்கு மேல் சூடானால் பிரேக் பிடிக்காது. அதற்குப் பிறகு நடப்பதுதான் மறுநாள் பத்திரிகையில் வருவது.

மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள். இப்போது வரும் மின்னணு என்ஜின்களில் கியரில் வைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் போவதே நின்றுவிடும். சக்கரம்தான் என்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டால்தான் என்ஜின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் டீசல் எரியும். மிச்சம் பிடிப்பதாக நினைத்துச் செலவழிக்கிறார்கள், உயிரையும் பணயம் வைக்கிறார்கள். ஸ்டியரிங் பிடிக்கும் அந்த மனிதரும் என்றோ ஒரு நாள் பரீட்சையில் எம்ஜிஹெச் எழுதி இரண்டு மார்க் வாங்கியவராக இருக்கலாம். அந்த இரண்டு மார்க் மேலுமலையில் அவருக்கு உதவவில்லையே!

சொல்லப்படும் சமாதானங்கள்

"சின்னப் பிள்ளைகளுக்கு இவ்வளவு போதும், மீதியைப் பதினோராம் வகுப்பில் படிப்பார்கள்" என்பது முதல் சமாதானம். பதினோராம் வகுப்பில் வேலை, ஆற்றல், திறன் என்று ஓர் அலகே இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது யாருக்கு? அறிவியல் பிரிவு எடுத்தவர்களுக்கு. வணிகவியல் எடுத்தவர், ஐடிஐ போனவர், பத்தோடு நின்று ஓசூர் சிப்காட்டில் வேலைக்குச் சேர்ந்தவர், லாரி ஓட்டப் போனவர், இவர்களுக்கெல்லாம் இயற்பியல் பத்தாம் வகுப்போடு முடிந்துவிட்டது. பாதி உண்மையோடு அனுப்பிவைக்கப்பட்டவர்கள் இவர்கள்தான். கிரேன் இயக்குவதும், பிரஸ் மெஷினில் நிற்பதும், கிரானைட் குவாரியில் கல்லுக்குக் கீழே நடப்பதும் பெரும்பாலும் இவர்களே. மீதிப் பாதி யாருக்கு மிகவும் தேவையோ அவர்களுக்கு மட்டும் கிடைப்பதில்லை.

"கடினம், புரியாது" என்பது இரண்டாவது. பத்தாவது படிக்கும் பையனுக்கு 44, 52 கேள்வி புரிகிறது. பாக்கி என்றால் என்ன என்று மளிகைக் கடைக்குப் போகும் எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். கடினமானது பாடம் அல்ல. "பெற்றிருக்கும் ஆற்றல்" என்று எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போவது ஆசிரியருக்குச் சுலபம், அவ்வளவுதான்.

"ஆய்வகம் இல்லை, வசதி இல்லை" என்பது மூன்றாவது. 1722-இல் ஹாலந்தில் லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிராவசாண்டே பித்தளைக் குண்டுகளை ஈரக் களிமண்ணில் போட்டுப் பார்த்தார். பின்னர் பிரான்சில் எமிலி து சாத்தலே என்ற பெண்மணி 1740-இல் வெளியிட்ட தன் நூலில் இந்த விவாதத்தை எடுத்து வாதாடினார். முந்நூறு வருடம் பழைய சோதனை, செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஏரியிலிருந்து ஒரு கூடை களிமண் போதும். ஒரே அளவுள்ள இரண்டு பிளாஸ்டிக் பந்துகளை எடுத்து, ஒன்றில் மணலும் இன்னொன்றில் அதைவிட இரண்டு மடங்கு எடை வரும்படி இரும்புக் குண்டுகளும் நிரப்புங்கள். கனமானதை ஓர் அடி உயரத்திலிருந்து போடுங்கள், லேசானதை இரண்டு அடியிலிருந்து போடுங்கள். இரண்டு குழியும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். எடையும் உயரமும் பெருக்கலாகச் சேர்கின்றன என்பதைப் பிள்ளைகள் விரலை விட்டு அளந்தே தெரிந்துகொள்வார்கள். பிறகு அதே களிமண்ணை ஒரு மேஜைமேல் வைத்துவிட்டு, பந்தைத் தரையிலிருந்து அதே உயரத்தில் பிடித்துப் போடச் சொல்லுங்கள். குழி சின்னதாகிவிடும். "பந்து அதேதான், தரையிலிருந்து உயரமும் அதேதான், பிறகு ஏன்?" என்று கேளுங்கள். எந்தத் தரை என்ற கேள்விக்கு அங்கேயே பதில் வந்துவிடும்.

"பரீட்சையில் அப்படிக் கேட்பதில்லையே" என்பது கடைசிச் சமாதானம். இதுதான் உண்மையான காரணமும்கூட. வரையறு, சூத்திரம் எழுது, மதிப்பைக் கண்டுபிடி என்று கேட்கும் வரை அதற்கு மேல் யாரும் சொல்லித்தரப் போவதில்லை. ஆசிரியரைக் குறை சொல்லியும் பயனில்லை. தேர்ச்சி விகிதம் என்ற கத்தி அவர் தலைக்கு மேலும் தொங்குகிறது (அதற்கும் நிலை ஆற்றல் உண்டு!).

ஆகவே மாற்ற வேண்டியது கேள்வித்தாளை. "நிலை ஆற்றல் வரையறு" என்ற கேள்வியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதைப் போடட்டும்: கெலவரப்பள்ளி அணையில் 44 அடி தண்ணீர், கிருஷ்ணகிரி அணையில் 52 அடி தண்ணீர். தண்ணீர் எதிலிருந்து எதற்குப் பாயும், ஏன்? தஞ்சாவூர்ப் பிள்ளைகளுக்கு மேட்டூரையும் கல்லணையையும் வைத்துக் கேட்கட்டும். நெல்லைப் பிள்ளைகளுக்குத் தாமிரபரணி இருக்கிறது.

மனப்பாடம் செய்தவர் திணறுவார். சானமாவு பையன் முழு மார்க் வாங்குவான். அவனுக்கு விடை ஏற்கெனவே தெரியும். அந்த விடைக்குப் பெயர் நிலை ஆற்றல் என்று சொல்லித்தருவது மட்டும்தான் பள்ளிக்கூடத்தின் வேலை. அதையாவது செய்யக்கூடாதா?